விளக்கை அணைத்துக் காத்திருந்த வீடு

தம்பி,

இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய் என்று எனக்குத் தெரியும். பேசலாம் என்றாலோ, போனைக் காதில் வைத்ததும் என் வாயிலிருந்து வருவதெல்லாம் "சாப்பிட்டியா, அங்க மழையா, சரி வேலையப் பாரு" என்பதுதான். அதனால் தாளை எடுத்துவிட்டேன். எழுதி முடித்ததும் ஒரு பிரதியைப் பத்திரிகையின் கிறிஸ்மஸ் பக்கத்துக்கும் கொடுக்கப் போகிறேன். வீட்டு விசயத்தை ஊருக்குச் சொல்கிறானே அப்பன் என்று கோபித்துக்கொள்ளாதே. வட்டகொடையில் ரயில் ஏறிப் போன பிள்ளைகள் உன்னைப் போல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய அப்பன்மாரும் போனில் மழையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பால் போடாத சாயத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோது நீ கூப்பிட்டாய். "அப்பா, இந்த வருசமும் லீவு எடுக்கிறது கஷ்டந்தான்" என்றாய். "பரவால்ல தம்பி, வேலையப் பாரு" என்றேன். அதோடு நீ வைத்திருக்கலாம். வைக்கவில்லை. "வந்தும் என்னாப்பா செய்ய? அம்மாவும் இல்ல, லயமும் இல்ல. எல்லாம் மாறிப் போச்சு. அங்க என்னா இருக்கு இப்ப?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதுவும் சரிதான்" என்றேன். சொல்லிவிட்டுப் போனை மேசையில் வைத்து, ஆறிப்போன சாயத்தண்ணியை அப்படியே குடித்தேன். அங்கே என்ன இருக்கிறதா? அடேய், நான் இருக்கிறேனே! போனை வைத்த பிறகுதான் அது வாய்க்கு வந்தது. எனக்கு எப்போதும் பதில் தாமதமாகத்தான் வரும். உன் அம்மா அதைச் சொல்லியே என்னைக் கேலி செய்வாள்.

அன்றைக்குச் சாயங்காலமே உன் முகநூலைப் பார்த்தேன். ஒவ்வொரு டிசம்பரும் நீ போடுகிற அதே படம். தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய நம்முடைய மேல் லயம், முன்னால் மூங்கிலில் கட்டிய காகித நட்சத்திரம், முன்வாசல் இஸ்தோப்பில் பலகாரச் சட்டியோடு உன் அம்மா. கீழே நீ எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தேன். அந்த நாள் இனி வருமா, அந்த மனிதர்கள் இனி வருவார்களா என்றெல்லாம் எழுதியிருந்தாய். எத்தனையோ பேர் அழுகிற முகமும் சிவப்பு இதயமும் போட்டிருந்தார்கள். நன்றாக எழுதுகிறாய், அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் படத்தின் வலது ஓரத்தைப் பெரிதாக்கிப் பார், ஒரு முழங்கை தெரியும். நட்சத்திரத்துக்குக் கயிறு பிடித்துக்கொண்டிருந்த என்னுடைய முழங்கைதான் அது. அந்த முழங்கைக்குச் சொந்தக்காரன் இன்னும் செத்துப்போகவில்லை, தம்பி.

லயத்தைப் பற்றி நீ எழுதுவதில் பொய் ஒன்றும் இல்லை. பாதியை மட்டும் எழுதுகிறாய், அவ்வளவுதான். மழைக்காலத்தில் தகரம் ஒழுகி, வீட்டிலுள்ள சட்டிபானையெல்லாம் கட்டிலைச் சுற்றி இருந்ததை நீ எழுதுவதில்லை. தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் குடத்தை முன்னால் வைப்பதற்காக உன் அம்மாவும் மூன்றாம் வீட்டுக்காரியும் தலைமயிரைப் பிடித்துக்கொண்டதை எழுதுவதில்லை. ஒரே காம்பராவில் அடுப்பும் படுக்கையும் உன் படிப்பும் நடந்தன. பரீட்சைக்குப் படிக்கும்போது பக்கத்து வீட்டு டீவியில் யாரோ செத்து எல்லோரும் அழுதுகொண்டிருப்பார்கள். நீ காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படிப்பாய். நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது, மேலே ஓர் ஆள் தலையை நுழைக்கிற அளவுக்கு இடைவெளி. பக்கத்து வீட்டுக் கருப்பையா மாமாவின் குறட்டை, அவர் மனைவியின் இருமல், அந்தப் பக்கத்துக் கருவாட்டு வாசம் எல்லாம் அதன் வழியாக நம் வீட்டுக்குள் வந்து குடியிருந்தன. உன் அம்மா என்னோடு சண்டை போட வேண்டுமென்றால் கண்ணால்தான் போட வேண்டும். கல்யாணமான புதிதில் அவளுடைய முழுச் சண்டையும் கண்ணும் புருவமும்தான். உன் மகளுக்கு லயத்தைப் பற்றிக் கதை சொல்வாய் அல்லவா, அப்போது பீலிச் சண்டையையும் சேர்த்துச் சொல். இல்லாவிட்டால் ஏதோ சொர்க்கத்தை விட்டுவிட்டு வந்த குடும்பம் என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

ஆனாலும் கரோல் வருகிற அந்த ஒரு நாளை நினைத்தால் எனக்கும் ஏக்கமாகத்தான் இருக்கிறது. நீ அதை எத்தனை தடவை எழுதினாலும் குறை சொல்ல மாட்டேன். பணியக் கணக்கில், அதாவது தோட்டத்தின் கீழ்ப் பிரிவில் இருக்கிற கோயிலிலிருந்து, அந்தி சாய்ந்ததும் அவர்கள் ஏறி வருவார்கள். உபதேசியார் கையில் பெட்ரோமாக்ஸ், பின்னால் டோலக்கி, நடுவில் ஒரு பெண்பிள்ளை தாம்பாளத்தில் பாலன் சொரூபத்தை ஏந்திக்கொண்டு வரும். தேயிலை ஸ்டோரு வளைவில் வெளிச்சம் திரும்புவதைக் கண்டதும் லயத்தில் இருக்கிற எல்லா விளக்கையும் அணைத்துவிட வேண்டும். அது நம்முடைய மேல் லயத்து வழக்கம். வேறு தோட்டங்களில் உண்டா என்று எனக்குத் தெரியாது. கரண்டு வந்த பிறகும் அந்த வழக்கம் போகவில்லை, ஊதி அணைப்பதற்குப் பதிலாக சுவிட்சைத் தட்டினோம். லயத்து முனைக்கு வந்ததும் அவர்களும் பெட்ரோமாக்ஸைச் சாக்குப் போட்டு மறைத்துவிடுவார்கள். கும்மிருட்டில் பாட்டு ஆரம்பிக்கும். பாலன் எந்த வீட்டு வாசலுக்கு வருகிறாரோ அந்த வீட்டில் மட்டும் விளக்கு எரிய வேண்டும். அப்புறம் அடுத்த வீடு, அதற்கப்புறம் அடுத்தது. சுவர்தான் கூரை வரை இல்லையே, அதனால் பக்கத்து வீட்டில் போட்ட வெளிச்சம் முதலில் நம்முடைய கூரையில் வந்து விழும். நீ என் மடியில் இருந்துகொண்டு மேலே பார்த்து, "வந்துட்டாங்கப்பா, வந்துட்டாங்க" என்று காதில் கிசுகிசுப்பாய்.

கிறிஸ்தவக் குடும்பங்கள் என்று பார்த்தால் லயத்தில் நாம் கொஞ்சம் பேர்தான். ஆனால் விளக்கை எல்லா வீட்டிலும் அணைப்பார்கள். தீபாவளிக்கு நமக்குத் தட்டு நிறையப் பலகாரம் அனுப்புகிற கருப்பையா மாமா அன்றைக்குத் தன் பீடியைக்கூட அணைத்துவிட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பார். யாராவது மறந்துபோய் விளக்கை எரியவிட்டால், "எவன்டா அது, லைட்ட அமத்துங்கடா!" என்று லயமே அதிரக் கத்துவார். நீ ஒரு தடவை உன் அம்மாவிடம், எதுக்கும்மா அமத்துறோம் என்று கேட்டாய். "இருட்டுல கேட்டாத்தான்டா பாட்டு நல்லா இருக்கும்" என்று அவள் சொன்னாள். அதற்கு மேல் அதில் ஒரு காரணமும் இல்லை.

இனி நான் சொல்லப்போவதைக் கேட்டால் சிரிப்பாய். அந்தச் சுவரைக் கூரை வரைக்கும் ஏற்று என்று தோட்டத்துத் துரையிடம் போய் நின்றவன் நான்தான். தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டிக்கொண்டே தோட்டத்துச் சங்கத் தலைவராகவும் இருந்த காலத்தில், போகிற கூட்டத்திலெல்லாம் அதைத்தான் பேசினேன். மனிசன் இருமினால் அடுத்த வீட்டுக்காரன் முழிக்கிறான், இது வீடா என்று கேட்டேன். அப்புறம் சுவர் வேண்டாம், தனி வீடே வேண்டும் என்று கேட்டோம். எத்தனையோ பேர் கேட்டு, எத்தனையோ வருசம் இழுத்து, கடைசியில் கிடைத்தது. மலைச்சரிவில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஏழு பேர்ச் காணி, அதில் ஒரு வீடு, முன்னால் ஒரு கேட். குடி வந்த அன்று உன் அம்மா ஒவ்வொரு அறையாகப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தாள். "இங்க பாருங்களேன், மேல வரைக்கும் போகுது" என்றாள். பிறகு நடு வீட்டில் நின்றுகொண்டு, இடுப்பில் கையை வைத்து, என்னை ஏசத் தொடங்கினாள். வாயைத் திறந்து, முழுக் குரலில்! அவள் தங்கச்சி கல்யாணத்துக்கு நான் லொறிக் கரியோடு வந்து நின்றது, உன் ஞானஸ்நானத்தன்று குடித்துவிட்டுத் தூங்கிப்போனது, ஒன்றையும் விடவில்லை. "இத்தன வருசமா மனசுக்குள்ளேயே வச்சிருந்தேன், இன்னைக்குக் கேட்டுக்குங்க" என்றாள். நான் சிரிக்க, அவளும் சிரிக்க, அன்றைக்கு அந்த வீட்டில் நாங்கள் போட்ட சத்தம் கொஞ்சமல்ல. உனக்கும் மருமகளுக்கும் நான் சொல்கிற புத்திமதி இது ஒன்றுதான், ஏசவேண்டியதை ஏசிவிடுங்கள். கண்ணால் மட்டும் சண்டை போட்டு வருசங்களைக் கழிக்காதீர்கள்.

அந்த வீட்டில் அவள் ஒரே ஒரு கிறிஸ்மஸைத்தான் முழுசாகப் பார்த்தாள். அடுத்த மழைக்குள் நெஞ்சுச் சளி வந்து, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து, போய்விட்டாள். அதையெல்லாம் நீயும் பக்கத்தில் இருந்து பார்த்தவன், நான் சொல்ல வேண்டியதில்லை. நீ திரும்பிப் போன பிறகு வீடு எப்படி இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். சுவர் நல்ல சுவர், தம்பி. யாருடைய இருமலும் எனக்குக் கேட்பதில்லை. என்னுடைய இருமலும் யாருக்கும் கேட்பதில்லை. சாயங்காலம் பனி இறங்கினால் எதிர் வீடுகூடத் தெரியாது. ரேடியோவைப் போட்டு வைக்கிறேன், அது பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும். ஆனாலும் நான் கேட்ட சுவர் தப்பு என்று சொல்ல மாட்டேன். மறுபடியும் கூட்டம் போட்டால் மறுபடியும் அதையேதான் கேட்பேன். உன் அம்மா வாய்விட்டு ஏசியதற்காகவே கேட்பேன். நல்லது கிடைத்த பிறகும் மனிசனுக்குத் தனிமை வரும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

"அப்பா, இங்க வந்துடுங்களேன்" என்று நீ கூப்பிட்டதை நான் மறைக்கவில்லை. போன வருசம் வந்தேனே. கொழும்புக்குப் பக்கத்து வத்தளையில் உன் மாடி வீட்டில் மருமகள் என்னை ஒரு குறையில்லாமல் பார்த்துக்கொண்டாள். இஞ்சி தட்டிப் போட்ட சாயத்தண்ணி, வேளாவேளைக்குச் சுடுதண்ணி, நல்ல பிள்ளை அது. பாப்பா என் மீசையைப் பிடித்து இழுத்துவிட்டு ஓடும். கிறிஸ்மஸ் அன்று சாயங்காலம் உன் சிநேகிதர்கள் வந்தார்கள். நீ கதை சொல்ல ஆரம்பித்தாய். லயத்தில் விளக்கை அணைப்பது, கருப்பையா மாமாவின் பீடி, நான் எல்லோரையும் லொறியில் ஏற்றிக்கொண்டு பூசைக்குப் போனது என்று எல்லாவற்றையும் சொன்னாய். எவ்வளவு அழகாகச் சொன்னாய்! உன் கதையில் வருகிற அப்பா பெரிய ஆள். லொறியின் கதவைத் தட்டிக்கொண்டு பாடுவார், சிரிப்பார், எல்லோரையும் தூக்கி ஏற்றுவார். எனக்கே அவரைப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. நான் ஒரு துண்டுக் கேக்கைத் தட்டில் வைத்துக்கொண்டு ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உன் சிநேகிதன் ஒருவன் என் பக்கம் திரும்பி, "அங்கிள், அந்த லயம் இப்பவும் இருக்கா?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "இல்ல மச்சான், எல்லாம் போச்சு" என்றாய். அந்தக் கேக்கை நான் முழுசாகச் சாப்பிடவில்லை. நீ கவனித்திருக்க மாட்டாய்.

அதற்காக உன்மேல் கோபம் இல்லை. கொஞ்சம் இருந்தது, இப்போது இல்லை. இந்த வாரம் நடந்த ஒன்றுதான் என்னை உட்கார வைத்து இதை எழுதச் செய்கிறது. புதன்கிழமை சாயங்காலம் புது வீடுகளுக்குக் கரோல் வரும் என்று உபதேசியார் பூசையில் அறிவித்திருந்தார். நான் தலவாக்கலைக்குப் போய்க் கேக்கும் கொஞ்சம் கொக்கிஸ் பலகாரமும் வாங்கி வந்தேன். உன் அம்மாவின் பெரிய எவர்சில்வர் தட்டைக் கழுவித் துடைத்து, எல்லாவற்றையும் அடுக்கி, மேலே வெள்ளைத் துணி போட்டு மூடினேன். சவரம் செய்து, அவள் கடைசியாக வாங்கித் தந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். அந்தியானதும் கீழ் வீடுகளிலிருந்து டோலக்கிச் சத்தம் வந்தது. நான் எழுந்து போய் வாசல் விளக்கையும் வீட்டு விளக்கையும் அணைத்துவிட்டு, கதவுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். யோசித்துச் செய்யவில்லை, தம்பி. டோலக்கி கேட்டதும் கை தானாகவே சுவிட்சுக்குப் போனது.

ஜன்னல் வழியாகப் பார்த்தால் மற்ற வீடுகளிலெல்லாம் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது, மின்னுகிற நட்சத்திரம் வேறு. அதைப் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை. மறந்துபோய் எரியவிட்டிருக்கிறார்கள், கத்துவதற்குக் கருப்பையா மாமா இல்லையே என்று நினைத்துக்கொண்டேன் பார்! பாட்டுக் கூட்டம் பக்கத்தில் வந்தது. என் கேட்டுக்கு முன்னால் காலடிகள் நின்றன. நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தேன். "இந்த வீடு?" என்று ஒரு பொடியன் கேட்டான். பக்கத்து வீட்டுச் சரசுவின் குரல் கேட்டது. "அது லொறி மாமா வீடு தம்பி. லைட்டு இல்ல பாருங்க, மகன் வீட்டுக்குக் கொழும்புக்குப் போயிட்டாரு போல." "அப்ப சரி, அடுத்த வீட்டுக்குப் போவோம்" என்றான். காலடிகள் நகர்ந்தன.

கை சுவிட்சின் மேலேயேதான் இருந்தது. தட்டியிருந்தால் அந்த நொடியே திரும்பி வந்திருப்பார்கள். நான் தட்டவில்லை. ஐயோ பாவம், கிழவன் தனியாக இருட்டில் இருந்திருக்கிறான் என்று நாலு பேர் சொல்வதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தலைவராக இருந்தவன் அல்லவா, அந்தத் திமிர் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சரசு வீட்டில் அவர்கள் பாடினார்கள். முருகன் படத்துக்கு முன்னால் பாலனை வைத்துப் பாடியிருப்பார்கள். சுவர் நல்ல சுவர் என்றேனே, பாட்டின் ஒரு சொல்லும் எனக்குக் கேட்கவில்லை, டோலக்கி மட்டும் கேட்டது. அது மேலே ஏறி, வளைவில் திரும்பி, நின்றுபோனது. நான் துணி மூடிய தட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன், தம்பி. உன் அம்மாவின் அடக்கத்தன்றுகூட இப்படி அழவில்லை. அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள்.

மறுநாள் காலை முகம் கழுவ வெளியே வந்தேன். சரசு கொழுந்து பறிக்கப் போகத் தலையில் சீலையைச் சுற்றிக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் பேயைக் கண்டவள் போல ஆகிவிட்டாள்.

"ஐயோ மாமா, வீட்டிலயா இருந்தீங்க? நான் நீங்க கொழும்புக்குப் போயிட்டீங்கன்னுல்ல அந்தப் பொடியனுங்ககிட்ட சொன்னேன்!"

"கேட்டுச்சும்மா" என்றேன்.

"கேட்டுச்சா? கேட்டுக்கிட்டேவா உள்ள இருந்தீங்க? எதுக்கு மாமா லைட்ட அமத்துனீங்க?" என்றவள், சொல்லி முடிப்பதற்குள் அவளே புரிந்துகொண்டாள். அவளும் மேல் லயத்துக்கு மருமகளாக வந்தவள்தானே. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அதெல்லாம் இப்ப யாருக்கு மாமா தெரியும்? பாடுற புள்ளைங்கெல்லாம் லயத்துக் கரோலக் கண்டதே இல்லையே. இப்ப லைட்டு எரிஞ்சாத்தான் மாமா உள்ள ஆளு இருக்குன்னு அர்த்தம்" என்றாள். பிறகு பேர் பதிகிற பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கேட் வரை போனவள் திரும்பி நின்று, "ஏங்க மாமா, மகன் இந்த வருசம் வரலியா?" என்று கேட்டாள்.

"அவனுக்கு வேலைம்மா."

"நீங்க வரச் சொன்னீங்களா?"

நான் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அவள் போய்விட்டாள். நாள் முழுக்க அந்தக் கேள்வி என் பின்னாலேயே வந்தது. நீ கொழும்புக்குப் போன நாளிலிருந்து உன்னிடம் "வா" என்று நான் ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறேனா? முடிஞ்சா வா என்றிருக்கிறேன். கஷ்டப்பட்டு வராத என்றிருக்கிறேன். பரவால்ல என்றிருக்கிறேன், அதுதான் அதிகம். உன் அம்மா இருந்தபோது போனைப் பிடுங்கி, "டேய், வர்றியா இல்லியா?" என்று அதட்டுவாள். நீயும் அடுத்த ரயிலில் வந்து இறங்குவாய். நான் அவளுக்குப் பின்னால் நின்று, பையனைத் தொந்தரவு பண்ணாதே என்பேன். வீட்டு விளக்கை நானே அணைத்துவிட்டு, நீ தாண்டிப் போகிறாய் என்று உன்மேல் குறைபட்டுக்கொண்டிருக்கிறேன்.

அதனால் இப்போது சொல்கிறேன். இந்தக் கிறிஸ்மஸுக்கு வா. முடிந்தால் என்று நான் எழுதவில்லை, பார்த்துக்கொள். மருமகளையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வா. எனக்குத் தனியாக இருக்க முடியவில்லை, தம்பி. இந்த ஒரு வரியை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

வந்தால் என்ன இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாந்தேன் என்று சொல்லாதே. லயம் இருக்காது. அதன் அத்திவாரத்தில் இப்போது மாடு கட்டுகிறார்கள், பாப்பாவுக்கு அந்தக் கன்றுக்குட்டியைக் காட்டலாம். கருப்பையா மாமா இருக்க மாட்டார். பெட்ரோமாக்ஸ் இருக்காது, கோயிலில் பெரிய ஸ்பீக்கர் பெட்டி இருக்கும், அது உன் காதைப் பிய்க்கும். கொக்கிஸ் கடையில் வாங்கியதுதான், உன் அம்மாவின் கைப்பக்குவம் வராது. கோயிலுக்கு மேலே அவளுடைய கல்லறையில் புல் மண்டிக் கிடக்கிறது, நான் குனிந்து பிடுங்கினால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது, நீ வந்தால் இரண்டு பேருமாகச் சுத்தம் செய்யலாம். நான் இருப்பேன். உன் கதையில் வருகிற அந்த லொறிக்காரன் இல்லை, அவனைவிட மெலிந்து, காது கொஞ்சம் மந்தமாகி, ஒரே விசயத்தை இரண்டு தரம் சொல்கிற ஆள். பழகிக்கொள்ளலாம். ரயில் ஓடுகிறதா என்று முதலில் விசாரித்துக்கொள். மழைக்குப் பாதை மூடிவிட்டால் ஹட்டன் பஸ்ஸைப் பிடித்துத் தலவாக்கலைக்கு வந்து, அங்கிருந்து ஆட்டோவில் வா. பாப்பாவுக்குக் கனமான ஜேக்கட்டும் காலுறையும் கொண்டு வா. இங்கே குளிர் நீ நினைத்துக்கொண்டிருக்கிற அதே குளிர்தான், அது மட்டும் மாறவில்லை.

உண்மையாகவே வர முடியாவிட்டால் அதையும் என்னிடம் சொல். "வர முடியாதுப்பா" என்று சொல். நானும் இனிமேல் பரவால்ல என்று சொல்ல மாட்டேன். வருத்தமாக இருக்குது தம்பி என்று சொல்வேன், நீ கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிரு. அப்பனுக்கும் மகனுக்கும் இடையில் அந்த அளவுக்காவது ஒரு சுவர் திறந்திருக்கட்டும்.

இன்றைக்கு மத்தியானத்திலிருந்தே பனி மூடிவிட்டது. எழுத வெளிச்சம் போதாமல் வீட்டு விளக்கைப் போட்டேன், அப்படியே போய் வாசல் விளக்கையும் போட்டுவிட்டு வந்தேன். வேலை விட்டுக் கொழுந்துக் கூடையோடு வந்த சரசு கேட்டுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தாள்.

"என்னாங்க மாமா, பகல்லேயே வாசல்ல லைட்டு எரியுது?"

"எரியட்டும்மா" என்றேன். "உள்ள ஆளு இருக்குன்னு தெரியணுமில்ல."

அப்பா